மண்புழு பாக்கெட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: வண்ணமீன் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

மீனுக்குத் தீனியாகப் போடும் மண்புழு தண்ணீரில் எவ்வளவு நேரம் உயிரோடு தாங்கும் என்று கேட்டால், "ரெண்டு நாள் கெடக்கும், மொத்தமா போட்டுடுங்க" என்ற பதிலைச் சொல்லி அனுப்பாதீர்கள். தாங்குவது புழுவைவிடத் தொட்டியைப் பொறுத்த விஷயம்.

மண்புழுவுக்கு நுரையீரலும் கிடையாது, செவுளும் கிடையாது. ஈரத்தோல் வழியாகத்தான் மூச்சு. நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அந்தத் தோல் எடுத்துக்கொள்ளும் என்பதால், காற்று நன்றாக ஏறும் குளிர்ந்த நீரில் நாள்கணக்கில், சில இனங்கள் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் நீரில் நிற்காது. அதையும் மீன்களோடு பங்கு போட வேண்டும். சித்திரை வெயிலில், ஏர் பம்ப் இல்லாத கண்ணாடித் தொட்டியில் சில மணி நேரத்திலேயே புழு துவண்டுவிடும். ஒகேனக்கல் குடிநீரைக் குழாயிலிருந்து அப்படியே பிடித்து ஊற்றினால் அதிலுள்ள குளோரினும் சேர்ந்துகொள்ளும். குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து விடாத நீர் மீனுக்கும் ஆகாது.

வெளிச்சத்துக்கு அஞ்சும் புழு கூழாங்கல்லுக்குள் நுழைந்துகொள்வதுதான் பெரிய தொல்லை. நீரோட்டம் எட்டாத அந்த இடத்தில், யார் கண்ணிலும் படாமல் செத்து, வெயில் காலத்தில் ஒரே இரவில் கரைந்துபோகும். அம்மோனியா ஏறும். காலையில் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே நோய் என்று நினைத்து நீல மருந்து (மெத்திலீன் புளூ) வாங்க உங்களிடம்தான் ஓடி வருவார்கள். தயவுசெய்து விற்காதீர்கள், அது நோயே அல்ல. கல்லுக்குள் சைஃபன் குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி, தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, பம்ப்பை ஓட விட்டு, ஒரு நாள் தீனி நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும்.

கொடுக்கும் முறையையும் சொல்லி அனுப்புங்கள். ஈரத் தேங்காய் நார்த்தூளில் ஒரு நாள் வைத்தால் குடலிலுள்ள மண் கழியும். பிறகு குளோரின் இல்லாத நீரில் அலச வேண்டும். ஆஸ்கர் மீனுக்கு முழுப் புழு, ஏஞ்சல் மீனுக்குச் சிறு துண்டு, கப்பி மீனுக்குப் பொடியாக நறுக்கியது. இடுக்கியில் பிடித்துக் காட்டலாம், அல்லது அடியில் ஒரு சிறு தட்டு வைத்துப் போடலாம். மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும், அதுவும் வாரம் இரண்டு முறை. துண்டு போட்டது முழுப் புழுபோல் தாங்காது. மிஞ்சியதை அப்போதே எடுத்துவிட வேண்டும்.

எந்தப் புழு என்பதும் முக்கியம். மண்புழு உரக் குழிகளில் வளரும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற இனத்தைச் சீண்டினால் மஞ்சள் நிறத்தில் ஒரு நாற்றத் திரவத்தை விடும். முதுகெலும்புள்ள உயிர்களின் செல்லைச் சிதைக்கும் லைசெனின் என்ற புரதம் அதில் உண்டு. பல மீன்கள் கவ்விய வேகத்தில் துப்பிவிடும். அதே குழிகளில் கிடைக்கும் ஆப்பிரிக்க மண்புழு, யூட்ரிலஸ், தீனிக்கு நல்லது.

தோண்டிய இடத்தையும் விசாரியுங்கள். அடிக்கடி மருந்தடிக்கும் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்துப் புழுவும், ஓசூர்ப் பூந்தோட்டத்துப் புழுவும் வேண்டாம். பட்டுப்புழு தாங்காது என்று மருந்தடிப்பதில் கவனமாக இருக்கும் மல்பெரித் தோட்டங்கள் பரவாயில்லை, எனினும் கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்டே வாங்குங்கள்.

பாக்கெட்டில் புழுவின் இனத்தையும் எடுத்த இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஒட்டிய பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கூட வாங்கினாலும் கொடுப்போம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வண்ணமீன் வளர்ப்போர் சிலர்