வியாழன் பின்னேரங்களில் கடைக் கதவு பாதி சாத்தியிருப்பது பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வியாழக்கிழமை பின்னேரம் வந்து பாதிக் கதவைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு திரும்பிப் போனவர்கள் இருக்கிறீர்கள். பிளவுஸ் தையற்கூலி 50 ரூபா கூடியதும் அந்தக் கோபத்தில் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த நேரம், அபூர்வ சக்தியோடு ஊரைக் காக்கும் நம் ஊர்ச் சக்திக்காரர்களுக்கு உடுப்புத் தைக்க அளவெடுக்கிறோம்.

இதுவரை அவர்களுக்கு இலவசமாகத்தான் தைத்தோம். இனி இல்லை. காசு வாங்கச் சொன்னவர்கள் அவர்களேதான். சும்மா கொடுப்பவர்கள் பிறகு பதிலுக்கு ஏதாவது செய்யச் சொல்கிறார்களாம். பிளேன்டீக்குக் காசு வேண்டாம் என்றவர் அடுத்த கிழமை தன் வேலிச் சண்டைக்குத் துணை வரச் சொல்கிறாராம். இரண்டு கோழி கொடுத்த வீட்டார், மகளைப் பார்த்துச் சிரித்த பொடியனைத் தூக்கிக் கடலில் போடச் சொல்கிறார்களாம். அதனால் எங்கள் தெருக் கடைகள் சேர்ந்து மாதாமாதம் ஒரு நிதி போடுகிறோம். உங்களுக்கு என்ன கூலியோ அதே கூலிதான் அவர்களுக்கும், நிதியிலிருந்து கட்டப்படும். யார் எவ்வளவு போட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பங்குதான் அந்த 50 ரூபா.

துணிக்கு ஏன் இவ்வளவு செலவு என்றும் கேட்கிறீர்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் காவல் பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட ஊர் நம் திருகோணமலை. அங்கே நெருப்பென்றால் விளையாட்டில்லை. அவருக்கு நைலோனில் தைத்துக் கொடுத்தால் அது வகையைப் பொறுத்து 220 அல்லது 260 பாகை செல்சியஸில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டரும் அப்படித்தான். நெருப்புத் தாங்கும் செயற்கை இழையான அரமிட்டில் நெய்த துணி உருகாது. 370 பாகைக்கு மேல்தான் கருகத் தொடங்கும். ஆனால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், வெட்டுகிற கத்தரிக்கோலின் வாயும் சீக்கிரம் மழுங்கும். நூலும் அதே இனமாக இருக்க வேண்டும். துணி தாங்கி நூல் உருகினால் என்ன பிரயோசனம்?

வாடைக்காற்றில் படகுகளைக் கரைக்கு இழுப்பவரின் பாடு வேறு. இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால் ஒரே மூச்சில் அறுந்துவிடும். வளைதையலும் (சிக்சாக்) ஓரம் பின்னும் ஓவர்லொக்கும் வேண்டும், ஊசியும் முனை உருண்டதாக இருக்க வேண்டும். உப்புக்கு இரும்பு ஸிப் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக்தான் சரி. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது. கேட்கிறாரா? இல்லை. பறக்கிறவரால் கரைச்சல் குறைவு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவில் குளிர் கூடும், உள்ளே ஒரு தடித்த பனியன் வைத்தால் போதும்.

அளவுக் கொப்பியில் அவர்களுக்கு இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை. ஆகவே கதவு இடுக்கால் போனை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். அவர்களும் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள். இரவு முழுக்கக் கடலில் நின்றவர் காலையில் ஒரு மணித்தியாலம் பிந்திவரச் சில முதலாளிமார் விடுகிறார்கள். மற்றவர்களும் விட்டால் நல்லது. அதை விட்டுவிட்டு, மூன்று மணித்தியாலம் மேடையில் இருத்திப் பேச்சுப் பேசிப் பொன்னாடை போர்த்துவதால் யாருக்கு லாபம்? அந்தப் பொன்னாடைகளை எங்களிடம்தான் கொண்டுவந்து தலையணை உறை தைக்கச் சொல்கிறார்கள். இதுவரை தைத்த உறைகளுக்குத் தலையணைதான் போதாது.

பாடசாலைச் சீருடைக் கூலி கூடவில்லை, கூட்டப் போவதும் இல்லை. வியாழனில் பின்னேரம் மூன்று மணிவரை எல்லோருக்கும் கடை திறந்திருக்கும். மற்ற நாட்களில் கிழிந்த உடுப்போடு அவசரமாக யாராவது உள்ளே வந்தால், உங்கள் அளவை நிறுத்திவிட்டு அவரை முதலில் பார்ப்போம். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிப் பிளவுஸ்களுக்கு இப்போதே துணி தாருங்கள். தைத்து முடிந்தவற்றைப் புதன்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள், வியாழன் மூன்று மணிக்குப் பிறகு வந்து கதவைத் தட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தையல் கடையார்,
திருகோணமலை