தெளிவாக இருந்தாலே கலந்துவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், இரண்டு பிளாஸ்டிக்குகளின் கலவை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் அவை மூலக்கூறு அளவில் ஒன்றாகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களை ஆராயும் ஆய்வகத்திலேயே தலை நரைத்தவன் நான். தாங்கள் அறியாததல்ல, கலவை வெளுத்துத் தெரிய வேண்டுமானால் பிரிந்து நிற்கும் திட்டுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கக் கூடாது. இரு பகுதிகளின் ஒளிவிலகல் எண்களும், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கின்றன என்ற அளவும், வேறுபட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கலவை தெளிவாகவே இருக்கும். அக்ரிலிக்கின் எண் 1.49, பாலிஸ்டைரீனின் எண் 1.59. இவ்விரண்டையும் உருக்கிக் கலந்தால் பால்போல் வெளுக்கும். ஆனால் ரப்பர் சேர்த்து உறுதியாக்கிய, ஒளிபுகும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர் துகள்கள் கடைசிவரை தனியாகவே நிற்கின்றன. சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணை ரப்பரின் எண்ணுக்கு இணையாக்கியிருப்பதால்தான் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தத் துகள்கள் கரைந்துபோனால் அதன் உறுதியும் போய்விடும். உங்கள் கட்டுரையின்படி அதுவும் 'ஒன்றாகிவிட்ட' கலவைதானே?

இது முதல் முறையுமன்று. முன்பொரு கேள்வி-பதில் பகுதியில், சூடாக்கினால் எந்தப் பாலிமரும் நன்றாகக் கலந்துவிடும் என்று பதில் வந்தது. பாலிஸ்டைரீனையும் பாலிவினைல் மெத்தில் ஈதரையும் டொலுவீனில் கரைத்து, ஊற்றி உலர்த்திய படலத்தை நுண்ணோக்கியின் சூட்டுமேடையில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். அறை வெப்பத்தில் படலம் இருப்பதே தெரியாது. நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் புகை படர்ந்தாற்போல் வெளுக்கத் தொடங்கும். சூடுதான் அவற்றைப் பிரிக்கிறது. அதே இரண்டையும் அதே விகிதத்தில் குளோரோஃபார்மில் கரைத்து ஊற்றினால், சூடாக்காமலேயே படலம் மங்கலாக வரும். இதையெல்லாம் அப்போதே விரிவாக எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை.

அதற்குப் பின் அனுப்பிய இன்னொரு கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் அதில் உயிரான வரியை நீக்கிவிட்டீர்கள். கலந்ததா இல்லையா என்பதற்குக் கண்ணை நம்பாமல், கண்ணாடி நிலைமாற்றம், அதாவது விறைப்பான பாலிமர் சூட்டில் இளகும் மாற்றம், கலந்ததற்கு அடையாளமாக ஒரே வெப்பநிலையில் நிகழ்கிறதா, பிரிந்திருப்பதற்கு அடையாளமாக இரண்டு வெப்பநிலைகளில் நிகழ்கிறதா என்று வெப்ப அளவியில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இரு பாலிமர்களின் நிலைமாற்ற வெப்பநிலைகளும் நெருங்கியிருந்தால் அந்தச் சோதனையும் ஏமாற்றும் என்று எச்சரித்திருந்தேன். அச்சில் மிஞ்சியது 'பயனுள்ள கட்டுரை' என்ற என் பாராட்டு மட்டுமே.

உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு மாணவர்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். தெளிவான தகட்டைக் காட்டி 'கலந்துவிட்டது, ஐயா' என்கிறார்கள். பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று அவர்கள் கேட்கும்போது உங்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் ஒன்று போடுங்கள். என் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்