காலையிலேயே ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும்கூடப் பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவருகிறார்கள், அதனால்தான் அங்கே நெரிசல் என்ற குறையை அடிக்கடி படிக்கிறேன். அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் அவசரப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். இந்தப் பழியை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்குள்ள பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரிலும் வந்த நேரம் எழுதியிருக்கும். பகலில் ஆங்காங்கே சில பெயர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பக்கம் மளமளவென்று நிறையும். நாங்கள் இருந்த இடத்தில் ஓ.பி. சீட்டு நண்பகலோடு நின்றுவிடும். நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற தாய், விளக்கு வைத்த பிறகுதான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். “காலையிலேயே ஏன் வரவில்லை?” என்று நானும் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெண், “காலையில் இவன் தூங்கிக்கொண்டிருந்தான் சிஸ்டர், எழுப்பாமல் வேலைக்குப் போய்விட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

பருவத்துக்குப் பருவம் வரும் குழந்தைகளும் வேறு. கோடை விடுமுறையில் மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர் குடித்த பிள்ளைகள் வருவார்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார்கள். தாகத்தில் எடுத்துக் குடித்திருக்கும். பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தே அழைத்து வருவார்கள். குடித்ததைவிட அந்த வாந்திதான் கெடுதல். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தீபாவளி இரவில், சுடச்சுடக் கீழே போட்ட மத்தாப்புக் கம்பியை மிதித்த பாதங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சல் கொதிக்கும்போது ஓடிவருகிறவர்கள், அது விட்டதும் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணிகிற அந்த ஓரிரு நாள்களில்தான் தலைகாட்டும். கை கால் சில்லிட்டு, விடாமல் வயிறு வலித்து, வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் நள்ளிரவானாலும் 108ஐ அழைக்க வேண்டும். தேவையின்றி வந்ததாகத் திட்டு வாங்கிய தாய், அந்த நேரத்தில் வரத் தயங்குவாள். எனக்குக் கவலை அதுதான்.

சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாலையிலும் இயங்குகின்றன. வட்டத் தலைநகர மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கு மட்டுமாவது மாலை ஐந்து முதல் எட்டு வரை ஓ.பி. சீட்டு கொடுக்கலாம். சளிக்கு வந்த குழந்தையும் வலிப்போடு வந்த குழந்தையும் ஒரே டாக்டருக்காகக் காத்திருக்கும் நிலை அதனால் குறையும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்தப் பதிவேடுகளில் இருப்பதை, பெயர்களை நீக்கிவிட்டு, நேரம், வயது, காரணம் வாரியாக மாவட்டந்தோறும் மாதம் ஒருமுறை கூட்டிப் பார்த்து வெளியிட வேண்டும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள் என்று மார்ச் மாதத்திலேயே அங்கன்வாடிகள் வழியாகச் சொல்லிவிடலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மன்னார்குடி