40 அங்குல டயரும் மூன்றாண்டுச் சேமிப்பும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கரடுமுரடான வழிகளில் போவதற்காக உன் பிக்கப் வண்டியை மாற்றியமைக்க நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. முன்னும் பின்னும் டானா 60 என்ற கனமான ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), 40 அங்குல டயர், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் அந்தச் சக்கரங்களைச் சேர்ந்தே சுழல வைக்கும் லாக்கர், வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச், இரும்பு பம்பர், கூரையின்மேல் கூடாரம், கூடுதல் டீசல் டேங்க் என்று ஒவ்வொன்றையும் விலையோடு எழுதிக் கீழே கூட்டிப் போட்டு, "இவ்வளவு செலவுக்கு இது தகுமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். மூன்று ஆண்டுகள் நீ மிச்சம் பிடித்த பணத்தைப் பற்றிய கேள்வி இது. உன் வேலை இடைவேளையில் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பட்டியலில் தவறான பொருள் என்று ஒன்றும் இல்லை. டானா 60-இன் ஃபுல் ஃப்ளோட்டிங் வகையை நீ தேர்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் வண்டியின் எடையை அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும் தாங்கிக்கொள்கின்றன, உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டுமே. ஆகவே ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று போகாது. இதை அறிந்துதான் எழுதியிருக்கிறாய் என்பது நீ பக்கத்தில் போட்டிருந்த குறிப்பிலிருந்தே தெரிந்தது. என்னை உறுத்துவது பட்டியலில் இல்லாத பொருள்கள்தாம்.

40 அங்குல டயரையே எடுத்துக்கொள். இப்போது உன் வண்டியில் இருப்பது 32 அங்குலம். சக்கரம் கால் பங்கு பெரிதானால், ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் 3.73 என்ற இப்போதைய விகிதம் இழுக்கத் திணறும். பழைய இழுவையைத் திரும்பப் பெறவே ஏறக்குறைய 4.66 வேண்டும், டயரோடு கூடும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் 4.88-தான் பொருத்தம். வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 100-இல் ஓடிக்கொண்டிருக்கும். அதையும், அதே கணக்கை நம்பியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் திருத்தி அமைக்க வேண்டும். பிரேக்கைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. சக்கரத்தின் ஆரம் கால் பங்கு கூடினால், பிரேக் அதே அளவு பிடித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், நிறுத்த வேண்டிய எடையோ கூடியிருக்கும். வண்டி ஏறாமல் நின்றால் இறங்கி நடந்துவிடலாம், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டியில் என் மகள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முன்பக்கம் இன்னும் பெரிய வேலை. உன் வண்டியில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே ஒரே அச்சாக டானா 60-ஐ வைப்பதென்றால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இருக்கும் தாங்கிகளை வெட்டி எடுத்து, புதியவற்றை அளந்து வெல்டிங் செய்து, ஸ்டியரிங் கம்பிகளின் கோணத்தையும் ஷாஃப்ட்டுகளின் கோணத்தையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலோ ஓர் இணைப்பு தளர்ந்திருந்தாலோ, சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் ஆடத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும்வரை அந்த ஆட்டம் ஓயாது. அந்த நடுக்கத்தோடு பட்டறைக்கு வந்த வண்டிகளில் ஒரே தடவையில் காரணம் பிடிபட்டவை மிகக் குறைவு. உன் கூட்டலில் பொருள்களின் விலை இருக்கிறது, இந்தத் தேடலுக்கான நாள்கள் இல்லை. அதே வண்டியில்தான் நீ தினமும் வேலைக்குப் போகிறாய் என்பதையும் நீ கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனையும் செய்து கிடைப்பது என்ன என்று பார். ஆறு அங்குல சஸ்பென்ஷன் வண்டியின் உடலைத்தான் உயர்த்தும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடிய அளவில் பாதி. எட்டு அங்குலம் பெரிய டயரால் அச்சுக்குக் கீழே கிடைப்பது நான்கு அங்குலம். டானா 60-இன் கிரவுன் வீலே 9.75 அங்குலம் என்பதால் அதன் பெரிய ஹவுசிங் அதிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாறைகள் கிடக்கும் வழியில் அந்த எஞ்சிய அளவு விலைமதிப்பற்றது, மறுக்கவில்லை. ஆனால் நீ போகும் வழிகளில் பெரும்பாறை எங்கே இருக்கிறது?

உன்னிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். இந்த இரண்டு ஆண்டுகளில் நீ அனுப்பிய படங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வண்டி நின்றுபோனதாக நீ சொன்னவை மூன்று. மணலில் புதைந்தது ஒன்று. பள்ளத்தின் குறுக்கே போகும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுழல, மற்றது அசையாமல் நின்றது ஒன்று. ஈரக் களிமண் ஏற்றத்தில் வழுக்கிப் பின்வாங்கியது ஒன்று. மணலில் நீ காற்றைக் குறைக்காமலே இறங்கியிருக்கிறாய். 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்கியிருந்தால் டயர் தரையில் படியும் நீளம் கூடி, பெரும்பாலும் நீ புதைந்தே இருக்க மாட்டாய். பள்ளத்தில் நடந்தது லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியலின் இயல்பு, பிடிப்பு இல்லாத சக்கரம் வாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான் மற்றதற்கும் முறுக்கு விசை போகும். அதற்குப் பின்னால் ஒரு லாக்கர் போதும். களிமண்ணில் உன் டயரின் பட்டன்கள் தேய்ந்திருந்தது படத்திலேயே தெரிகிறது. மூன்றில் ஒன்றுக்குக்கூட 40 அங்குலமோ டானா 60-ஓ தேவைப்படவில்லை, அம்மா.

இனி எடை. பம்பர், விஞ்ச், கூடாரம், கூடுதல் டேங்க், உதிரிச் சக்கரம் எல்லாம் தனித்தனியே பார்க்கும்போது சிறியவை. 80 லிட்டர் டீசல் ஏறக்குறைய 67 கிலோ, 60 லிட்டர் குடிநீர் 60 கிலோ. இவற்றோடு நீயும் உன் தோழியும் சாமான்களும். உன்னுடையது போன்ற டபுள் கேப் பிக்கப்புகளில் ஆட்களையும் சேர்த்து ஏற்றக்கூடிய எடை பெரும்பாலும் ஒரு டன்னைத் தாண்டாது. பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்தால் வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஹவுசிங், பேரிங், சேசிஸ் எதுவும் அதனால் வலுவாகிவிடுவதில்லை. கேபினுக்குப் பின்னால் சேசிஸே வளைந்துபோன ஒரு பிக்கப்பை நான் பட்டறையில் அளந்து பார்த்திருக்கிறேன். அதன் உரிமையாளர் நல்ல பொருள்களைத்தான் வாங்கியிருந்தார். மொத்தத்தை ஒருநாளும் எடை போடவில்லை.

உனக்கு அந்தப் பழைய ஜீப் நினைவிருக்கும். எஞ்சின் இல்லாமல் கொட்டகையில் நின்றது, நீ அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே எங்கெங்கோ போய் வருவாய். அது உனக்கு மகிழ்ச்சியான நினைவு என்பது தெரியும், அதனாலேயே இதுவரை முழுவதையும் சொன்னதில்லை. அந்த ஜீப்புக்குப் பெரிய டயர் வாங்கினேன். கிரவுன் பினியன் மாற்றப் பணம் பிறகு சேரும் என்று அப்படியே ஓட்டினேன், கிளட்ச் கருகியது. அதை மாற்றி ஓட்டியபோது பின் ஷாஃப்ட் முறிந்தது. வலுவான ஆக்ஸிலுக்கு அளவு எடுக்க வண்டியை அவிழ்த்தபோது, அதற்கேற்ற ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேண்டுமென்று தெரிந்தது. எஞ்சினைக் கழற்றி விற்றது அந்தச் செலவுக்காகத்தான். இரண்டு ஆண்டுகள் நின்ற பிறகு, போட்ட பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு உதிரியாகப் போனது. வாங்கிப் போடும் பொருளுக்கு விற்கும்போது மதிப்புத் திரும்பாது என்பதை அன்றுதான் கண்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில் உன்னையும் உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருக்கக்கூடிய இடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் அதைச் செய்திருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹவுசிங்கைத் திறந்து, பினியன் பல்லில் நிறம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி உட்கார்ந்த இரவுகள் என் வாழ்வின் நல்ல இரவுகள். பட்டறையில் பிறகு நான் செய்த வேலைக்கெல்லாம் அவைதாம் அடிப்படை. இந்த ஆசை உனக்கும் என்னிடமிருந்தே வந்திருக்கலாம். நீ விரும்புவது போவதையா, கட்டுவதையா என்று உன்னையே கேட்டுப் பார். இரண்டும் நல்ல விருப்பங்கள், ஆனால் இரண்டுக்கும் கணக்கு வேறு. போவதுதான் விருப்பமென்றால் பணத்தின் பெரும்பகுதி டீசலுக்கும் விடுமுறைக்கும் போக வேண்டும், இரும்புக்குப் போகக் கூடாது. கட்டுவதுதான் விருப்பமென்றால், உன்னை வேலைக்குக் கொண்டுபோகும் வண்டியைத் தொடாதே; தினமும் ஓட வேண்டிய கட்டாயம் இல்லாத பழைய வண்டி ஒன்றை வாங்கு. அப்போது அது ஆறு மாதம் தாங்கிகளின்மேல் நின்றாலும் உன் வாழ்க்கை நிற்காது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பட்டியல் இப்போது அந்தச் செலவுக்குத் தகாது. டயர் 33 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், ஆனால் நல்ல பட்டன் உள்ளதாக இருக்கட்டும். பின் ஆக்ஸிலுக்கு ஒரு லாக்கர் போடு. காற்றைக் குறைத்தபின் மறுபடி நிரப்பாமல் வேகச் சாலையில் ஏறினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும், ஆகவே காற்று நிரப்பும் கம்ப்ரஸர் கட்டாயம். சேசிஸோடு முறையாகப் பொருத்திய இழுவைக் கொக்கிகளும் ஒரு நல்ல கயிறும் வாங்கிக்கொள். விஞ்ச் வேண்டுமென்றால் சுமையோடு கூடிய வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுப்பதாகப் பார். அதன்மேல் எழுதியிருக்கும் அளவு டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும், மேலே ஒவ்வோர் அடுக்காகச் சுற்றச் சுற்ற இழுவை குறையும். தனியாகப் போகாத வரையில் அதைத் தள்ளிப்போடலாம். எதைச் செய்தாலும் காப்பீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடு. மீதிப் பணம் ஓராண்டு வங்கியிலேயே இருக்கட்டும். அந்த ஓராண்டில் எங்கே திரும்பி வர நேர்ந்தது, எதனால் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. அதில் பாறையும் முறிந்த ஷாஃப்ட்டும் நிறைந்திருந்தால், டானா 60-ஐ இறக்கும் அன்று நான் என் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அதற்கு முன் ஒன்று மட்டும் செய். அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது, டேங்க் நிரம்பி, தண்ணீரும் சாமான்களும் ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஓர் எடைமேடையில் ஏற்றி, முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று தனித்தனியே சீட்டு வாங்கு. கதவுத் தூணில் எடை வரம்பு எழுதி ஒட்டியிருக்கும் தகட்டின் படத்தோடு அந்தச் சீட்டையும் எனக்கு அனுப்பு. பின் அச்சில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்துகொண்டு மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா