ரசீது நம்பர் வரும்வரை: குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்து இடுக்கி மாவட்டம் பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் லயங்களுக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) டவுன்களுக்கும் வாட்ஸாப் குரூப் நடத்தும் அட்மின்களுக்கு,

வணக்கம். லயத்துக் கூரை ஒழுகினாலும், மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் முதல் செய்தி இன்று உங்கள் குரூப்பில்தான் விழுகிறது. அரைமணி நேரத்தில் நூறு கோபப் பொம்மைகள் வருகின்றன. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டால், "அப்படி ஒரு புகாரே வரவில்லையே" என்பார்கள். அது பொய்யுமில்லை. நம்பர் போட்ட தாள் எதுவும் அங்கே போயிருக்காது. மனு எழுதிக் கொடுக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: குரூப்புக்கு வரும் குறையை மனுவாக்கி, ஆபீஸில் ரசீது நம்பர் வாங்கும்வரை கொண்டுபோங்கள்.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது கேட்டவற்றில் முக்கியமானவை இரண்டு: 20 சதவீத போனஸ், 232 ரூபாய் தினக்கூலிக்குப் பதில் 500. போனஸ் விஷயம் ஒன்பது நாளில் முடிந்தது. கூலி பிறகு 301 ஆனது. அவர்கள் படம் நாடெல்லாம் போனது உண்மைதான். ஆனால் கொடுக்க வேண்டியவர்கள் மழுப்ப முடியாதபடி செய்தது அந்த எண்கள். "எங்களுக்கு நீதி வேண்டும்" என்று மட்டும் போடும் பதிவுக்கு எந்த அதிகாரியும் பதில் எழுத முடியாது, எழுதவும் மாட்டார்.

முதலில் போட்டோ. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி, நேரம், இட விவரம் போய்விடும். எடுத்தவர் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பட்டும், மூலப்படத்தைத் தன் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கட்டும். ஒரு குறைக்கு மூன்று படம் போதும்: பள்ளிக்கூட போர்டோ மின்கம்பத்து நம்பரோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் குடையை வைத்து அளவு தெரிய ஒன்று. செய்தியில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களே வேண்டாம். "நாளை காலை 10 மணிக்கு ஆபீஸ் முன்னால் கூடுவோம்" என்ற செய்தி இரண்டு வாரம் சுற்றும். வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நாளைதான். தேதி, மாதம், வருடம் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கிராம சபை. பலர் இதைப் பயன் பெறுவோர் பட்டியல் வாசிக்கிற கூட்டம் என்று மட்டும் நினைத்துவிட்டார்கள். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி (1994) வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கூட்ட வேண்டும். வார்டு வாக்காளரில் 10 சதவீதம் பேர் என்ன பேச வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால், 15 நாளுக்குள் வார்டு மெம்பர் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். வார்டில் 1,200 வாக்காளர் என்றால் 120 கையெழுத்து. உங்கள் குரூப்பில் அதைவிட ஆள் அதிகம்தான், ஆனால் கட்டைவிரல் பொம்மை கையெழுத்தாகாது.

கணக்கு தப்புவது இங்கேதான். தமிழ்நாட்டுப் பக்கம் போடியிலோ கம்பத்திலோ வாக்கு வைத்திருப்பவர் இந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் எண்ணிக்கையில் சேரமாட்டார். வாக்காளர் பட்டியல் மலையாளத்தில் இருப்பதால் முருகேஸ்வரி, பாண்டியம்மாள் பெயரெல்லாம் எழுத்து மாறிக் கிடக்கும். தமிழ்க் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர் 'ஆள் வேறு' என்று தள்ளிவிட இடமுண்டு. அதனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பட்டியல் வரிசை எண்ணை எழுதுங்கள். 120 வேண்டுமென்றால் 150 வாங்குங்கள், பத்திருபது எப்படியும் கழியும். இதற்காக ஆதார், ரேஷன் கார்டு படங்களைக் குரூப்பில் போடச் சொல்லாதீர்கள், போட்டிருந்தால் உடனே அழியுங்கள். வரிசை எண் போதும்.

மொழிக்குத் தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கொடுக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. ஆனாலும் கவுண்டரில் "அபேக்ஷ எவிடே?" (மனு எங்கே?) என்று கேட்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். மலையாளத்தில் அரைப் பக்கச் சுருக்கம் சேர்த்தால் அன்றைக்கே நம்பர் கிடைக்கும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக யாராவது சண்டைக்கு வந்தால், தமிழ் மனுதான் மூலம், மலையாளம் இணைப்பு என்று சொல்லுங்கள்.

அணை விஷயம் தனி. 2021 அக்டோபரில் முல்லைப்பெரியாறு அணையை இடிக்கச் சொல்லி ஒரு பக்கம் ஹேஷ்டேக் ஓடியது, அதை எதிர்த்துத் தேனியில் உருவபொம்மை எரிந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு கூச்சலிலும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி. மழைக்காலத்தில் எத்தனை அடி, எத்தனை மணி நிலவரம், எந்த அலுவலகம் சொன்னது என்ற மூன்றும் இல்லாத வீடியோவை உங்கள் குரூப்பில் நிற்கவிடாதீர்கள். இரட்டை அம்புக்குறியோடு வருவது ஏற்கெனவே பல கை மாறியது. அதைக் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து குரூப்பைப் பூட்டிவைக்கவும் தேவையில்லை. உறுப்பினர் போட்ட தப்பான பதிவுக்கு அட்மினே பொறுப்பு என்றாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. ஆனால் கூட்டம் கூப்பிடும் செய்தியில் கூப்பிடுபவர் பெயர் இருக்கட்டும். 2018 ஏப்ரலில் பெயரில்லாமல் பரவிய ஹர்த்தால் (கடையடைப்பு) அழைப்பு கல்வீச்சிலும் கைதுகளிலும் முடிந்தது. 7 நாள் முன்னறிவிப்பில்லாத ஹர்த்தால் கூடாது என்று 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

ரசீது வந்ததும் அதைப் படமெடுத்துக் குரூப்பின் மேலேயே 30 நாள் நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். வாட்ஸாப்பில் அதுதான் அதிகபட்சம். அந்த 'பின்' தானாக விழும் அன்று வேலை நடக்காமலிருந்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "இந்த நம்பர் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது?" என்ற ஒரே கேள்வி. இதை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அந்த ரசீதையும் 30 நாள் நிற்கும்படி 'பின்' செய்யுங்கள், பதில் தர அவர்களுக்குள்ள கெடுவும் 30 நாள்தான்.

இப்படிக்கு,
இடுக்கி மலையில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் சிலர்