நித்திரையை எண்ணும் கடிகாரம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்தில், மனநோய் வரப்போவதைக் கைக்கடிகாரமே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்ற தோரணையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அப்படி ஒன்றைக் கட்டிப் பார்த்தாரோ தெரியாது. நான் 2023 இலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு பைபோலார். இருதுருவ மனநிலைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள், எங்கள் ஒழுங்கையில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், விசர்.

திருகோணமலையில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், ரீலோட். இந்தக் கடிதத்தைக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நான்கு நாளாக எழுதுகிறேன். ஒரே இரவில் எழுதி முடித்திருந்தால் என் மனைவி பயந்திருப்பார்.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்றம், இறக்கம் என்று இரண்டு இருக்கிறது, வீட்டில் நாங்கள் பாவிப்பது இந்தச் சொற்களைத்தான். இறக்கத்தில் பல் தீட்டக்கூட எழும்ப முடியாது. ஏற்றத்தில் உலகமே நம் கைக்குள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019 இல் உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது, ஆகவே உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள், சொல்லமாட்டார்கள்.

எனக்கு முதல் பெரிய ஏற்றம் ஒரு சிவராத்திரியோடு வந்தது. கோணேசர் கோயிலில் நான்கு சாமமும் விழித்திருந்தேன், எல்லாரையும் போல. விடிந்ததும் எல்லாரும் போய்ப் படுத்தார்கள். எனக்கு நித்திரை வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. நித்திரை வராமல் புரண்டு தவிப்பது வேறு, நித்திரையே எதற்கு என்று உடம்பு துள்ளுவது வேறு. இரண்டாவது வகை அவ்வளவு சுகமாக இருக்கும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. ஐந்தாம் நாள் மூன்று போட்டோக்கொப்பி மெஷினுக்கு லீசிங்கில் கையெழுத்து வைத்தேன், கடையில் ஒன்று வைக்கத்தான் இடம். முற்பணத்துக்கு மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்கக் கிளை திறக்கப்போவதாகப் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கும் இடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரைப் பிடித்து விளக்கினேனாம். மான்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் ஞாபகமே இல்லை.

ஏற்றம் வருவதற்கு முன்னம் நித்திரை குறைவது பலருக்கும் முதல் அறிகுறி. அது மட்டுமில்லை, நித்திரை கெடுவதே ஏற்றத்தைக் கிளப்பியும் விடும். அமெரிக்காவில் பிட்ஸ்பேர்க்கில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் இவற்றை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவருவதையே மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார், மருந்தோடு சேர்த்துச் செய்வது. இந்த இடத்தில்தான் வாட்ச் உள்ளே வருகிறது.

கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பினார். இடக்கையில் அது. வலக்கையில் ஏற்கனவே பத்திரகாளி அம்மன் கோயிலில் அம்மா கட்டிவிட்ட நூல். மனநலக் கிளினிக் நாளில் வாங்கில் இருந்து பார்த்தால் எல்லார் உடம்பிலும் ஏதோ ஒன்று இருக்கும், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பரிடம் தாயத்து, சேருவிலயிலிருந்து வரும் சிங்கள ஐயாவிடம் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல். உடம்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு நோயைச் சமாளிப்பது எங்கள் மூன்று சனத்துக்கும் புதிதில்லை. என்ன, இதற்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும்.

வாட்ச்சின் அடியில் ஒரு பச்சை வெளிச்சம் மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும், அதை வைத்து இதயத்துடிப்பை எண்ணுகிறது. கை அசைவதை இன்னொரு சின்ன உணரி பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து நாம் எப்போது நித்திரை, எப்போது விழிப்பு என்று ஊகிக்கிறது. ஊகிக்கிறது என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஓ.எல். பாஸ்ட் பேப்பர் கட்டுகளை மூன்று மணித்தியாலம் இருந்த இடத்தில் இருந்து ஸ்டேப்ளர் அடித்த நாளில், நான் நன்றாக நடந்ததாக அது என்னைப் பாராட்டியது.

அது சிரிக்கக்கூடிய பிழை. சிரிக்க முடியாததும் உண்டு. ஒரு மார்கழி, வெளியே அடைமழை, எனக்கு இறக்கம். இரவு முழுக்க நுளம்பு வலைக்குள் ஆடாமல் அசையாமல் கிடந்து, வலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒரு நிமிடம் மூடவில்லை. காலையில் வாட்ச் சொல்கிறது: 9 மணித்தியாலம் 10 நிமிடம், 88 புள்ளி, நல்ல நித்திரை. அசையாமல் கிடப்பவனை நித்திரை என்று எண்ணிக்கொள்வது இந்த வகைக் கருவிகளுக்கு உள்ள குறை, மலிவானதுக்கும் விலை கூடினதுக்கும். ஆனால் அதே வாரம் நடந்த அடிகளின் எண்ணிக்கை நாளொன்றுக்கு 300, 400 என்று விழுந்திருந்தது. அது உண்மையைத்தான் சொன்னது, நான்தான் பார்க்கவில்லை, இறக்கத்தில் யார் போனை எடுத்துப் பார்க்கிறார்?

லித்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் அரைவாசிதான். 1949 இல் ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மனநல வைத்தியர் ஏற்றத்துக்கு அது வேலை செய்கிறது என்று எழுதினார், இன்றைக்கும் என்னை நிற்கவைத்திருக்கும் குளிசை அதுதான். அதற்கு இடைவெளி மிகவும் ஒடுக்கம். இரத்தத்தில் சாதாரணமாக லீற்றருக்கு 0.6 இலிருந்து 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், அதற்குக் கீழே போனால் பிரயோசனம் குறைவு, 1.5 ஐத் தாண்டினால் நஞ்சு. நம் ஊரில் கச்சான் என்ற வறண்ட காற்று (வறுத்த கச்சான் இல்லை, வெளியூர் வாசகர்கள் கவனிக்க) அடிக்கும் மாதங்களில் உடம்புத் தண்ணீர் எல்லாம் வியர்வையாகப் போகும், தண்ணீர் குறைந்தால் லித்தியம் கூடும். சில நோமாத்திரைகளும் கூட்டும். எனக்கு ஒரு ஆடி மாதம் பல் வலி. பார்மசியில் கேட்டு இபுபுரோஃபன் வாங்கி நான்கு நாள் போட்டேன். ஐந்தாம் நாள் ஸ்டேப்ளருக்குள் பின் வைக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது, பின் கட்டு மேசையில் சிதறியது, குனிந்து பொறுக்கப் போனால் தலை சுற்றியது. வாட்ச்சைப் பார்த்தேன். துடிப்பு 74, எல்லாம் சரி என்று நிற்கிறது. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவிதான் என் கையைப் பார்த்துவிட்டு ஓட்டோ பிடித்தார். அளவு 1.6. இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று என் வாட்ச்சுக்குத் தெரியாது. குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து ஊசி குத்தி இரத்தம் எடுத்தால்தான் தெரியும், அந்தச் சோதனைக்கு நாள் தவறாமல் போங்கள்.

சரி, இனி நான் எழுத வந்த விசயம்.

வாட்ச் வந்த புதிதில் அதன் கணக்கை அக்காவின் போனிலும் இணைத்துவிட்டார்கள். நல்லெண்ணம்தான். ஒரு நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு (செத்தவரின் நினைவாகக் கொடுக்கும் புத்தகம்) அடிக்கவேண்டிய அவசர வேலை, விடிய விடியக் கடையில் இருந்தேன். மூன்று மணிக்கு அக்காவின் கோல், அங்கே பின்னேரம் ஐந்தரை, வேலை முடிந்து பஸ்ஸில் போகிறாராம். "தம்பி, ஏன் நித்திரை கொள்ளேல்ல? குளிசை போட்டியா?" போட்டேன் என்றேன். நம்பவில்லை. மனைவிக்கு எடுத்தார். பிறகு உவர்மலையில் இருக்கும் பெரியம்மாவுக்கு. காலை ஆறரைக்கு மாமா படலையில் நிற்கிறார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்துக் கதைத்த ஆட்கள் எல்லாம் என் கையைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்கள். சிரித்தால் ஏற்றம், பேசாமல் இருந்தால் இறக்கம், மாமா பகிடி விட்டு நான் சிரித்தால் அதற்கும் ஒரு பார்வை. வாட்ச்சைக் கழற்றி அரிசிப் பீப்பாவுக்குள் போட்டேன். இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது.

வெளியே எடுத்தது மனைவி. எடுத்து என் கையில் தராமல், கடையிலிருந்து ஒரு ஏ4 தாளைக் கொண்டுவந்து வைத்தார். என்னென்ன என்று நீங்களே எழுதுங்கோ என்றார். அன்று எனக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, இப்படியான ஒப்பந்தத்தை அப்படி ஒரு நாளில்தான் எழுதவேண்டும். கணக்கைப் பார்ப்பது நானும் மனைவியும் மட்டும். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் அனுப்புவேன், அதுவரை கேட்கக்கூடாது. கல்வெட்டு வேலை என்றால் முதலே சொல்லிவிட்டுத்தான் விழிக்கவேண்டும், அடுத்த பகல் படுத்தே ஆகவேண்டும். வேலை ஒன்றும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு இரவு 4 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் மனைவி கேட்பார், நான் கத்தக்கூடாது. வங்கி அட்டையை அன்றே கொடுத்துவிடவேண்டும். மூன்றாம் நாள் காலை கிளினிக். சிவராத்திரிக்கு இரவு பத்து மணியோடு வீடு (அம்மா இதற்கு மட்டும் முணுமுணுத்தார்). நான், மனைவி, அம்மா மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம், அக்காவுக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பினோம்.

போன வைகாசியில் அதற்கு வேலை வந்தது. இரண்டு இரவு, 3 மணித்தியாலம் 40, பிறகு 3 மணித்தியாலம் 15. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் அருமையாக இருந்தேன், கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை அடிக்க ஆளிடம் விலை கேட்டுவிட்டேன். மனைவி அந்தத் தாளைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்கு மேல் வைத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் கீழே இருப்பது என் கையெழுத்து, யாரோ ஒருவரின் புத்திமதியாக இருந்திருந்தால் கிழித்திருப்பேன். அட்டையைக் கொடுத்தேன், கிளினிக் போனேன், குளிசையைக் கூட்டிக் குறைத்துத் தந்தார்கள், வார்ட்டில் நிற்கவேண்டி வரவில்லை.

கட்டுரையில் இந்தப் பக்கம் வரவே இல்லை. டென்மார்க்கில் மொனார்கா என்ற பெயரில் இந்த நோயாளிகள் போன் வழியாகத் தங்கள் மனநிலையையும் நித்திரையையும் நாள்தோறும் பதியும் முறையை உருவாக்கிச் சோதித்தார்கள். சும்மா கண்காணித்ததால் ஏற்ற இறக்கம் குறைந்துவிடவில்லை என்றுதான் அந்தச் சோதனைகளில் தெரியவந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. காய்ச்சல்மானி காய்ச்சலைக் குறைக்காது.

கிளினிக் பற்றியும் ஒன்று. முதல் தடவை நான் போனை நீட்டி, நிறம் நிறமாக வரைபடங்களைக் காட்டினேன். வைத்தியர் 20 வினாடி பார்த்தார். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே வாங்கு நிறையச் சனம், எனக்குப் பின்னால் மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு வயதான அம்மா. அடுத்த முறை மனைவி கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாள் வைத்தார், ஒரு மாதத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு கட்டம், படுத்தது, எழும்பியது, குளிசை, அவ்வளவுதான். அதை வைத்தியர் பேனையால் தொட்டுத் தொட்டு வாசித்தார், 17 ஆம் திகதி என்ன நடந்தது என்று கேட்டார். கிண்ணியா நண்பரிடம் வாட்ச் இல்லை, அவரும் இப்போது பேனையால் இதே கட்டத்தை நிரப்புகிறார். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்புவதால் நித்திரை உடைவதும், பகலில் தண்ணீர் குடிக்காததும் லித்தியத்துக்கு ஆகாது, ஆகவே தாளைக் காட்டி நோன்புக்கு முதலே வைத்தியரிடம் கதைத்துக்கொள்கிறார்.

அப்புறம், வாட்ச் சேர்க்கும் கணக்கு எந்த நாட்டுக் கம்பனியின் கணினியில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகையாகத்தான் இருக்கிறது, ஆனால் செயலியை இறக்கும்போது சம்மதம் என்று அமத்தியது நாம்தானே. பிள்ளைக்கோ புருசனுக்கோ இதை வாங்கிக் கட்டப்போகிறவர்கள், யார் பார்க்கலாம் என்பதைக் கட்டுகிற ஆளிடம் கேட்டு எழுதிவிட்டுக் கட்டுங்கள். இரவில் ஒன்றும் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்கு எடுங்கள், அதற்கு வாட்ச் தேவையில்லை.

என் பெயரைப் போடவேண்டாம். கடைக்கு வருகிற ஆட்கள் மிச்சக் காசை இரண்டு தடவை எண்ணத் தொடங்குவார்கள். அந்தக் கட்டம் போட்ட தாளில் நூறு பிரதி அடித்துக் கிளினிக் மிஸ்ஸியிடம் கொடுத்திருக்கிறேன், மருந்து கொடுக்கும் மேசையில் இடப்பக்கம் இருக்கும், தேவையானவர்கள் கேட்டு வாங்கலாம். பிரதிகள் முடிந்துபோனால் சொல்லச் சொல்லியிருக்கிறேன், இன்னும் அடித்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை.