எலிசபெத் மகாராணியின் நினைவும் அடுத்த சனிக்கிழமை வகுப்பும்

ரொறன்ரோ, 10 செப்டெம்பர் 2022

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டிலிருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் வணக்கம்.

இன்று காலை இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை பென்சில் பெட்டிக்குள் இருந்து 20 டொலர் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். பிளாஸ்டிக் தாள்தானே, மடித்து வைத்திருந்தாலும் கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. "ரீச்சர், மகாராணி செத்துப் போனா. இனி இந்தக் காசு செல்லாதோ?" என்று கேட்டாள். செல்லும் அம்மா, பத்திரமாய் வைத்திரு என்றேன். அதற்குள் வகுப்பே அந்தத் தாளைச் சுற்றிக் கூடிவிட்டது. 1935இல் கனடா வங்கி அச்சடித்த 20 டொலர் தாளிலும் இவர் படம்தான், அப்போது அவருக்கு எட்டு வயது என்று சொன்னேன். "எங்கட வயசோ!" என்று ஒரே சத்தம். இன்றைய பாடம் அப்படியே நின்றுபோனது. அதை வேறொரு நாள் படிப்பித்துவிடுவோம்.

அடுத்த சனிக்கிழமை, 17ஆம் திகதி, எங்கள் பள்ளியில் மகாராணியாரை நினைவுகூர்கிறோம். ஏன் என்று நேற்று இரண்டு பெற்றோர் தொலைபேசியில் கேட்டார்கள். எங்கள் மண்ணை ஆண்டவர்களின் முடிக்கு நாங்கள் ஏன் தலை குனிய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கே குடியுரிமை பெற்ற எங்களில் பெரும்பாலோர் வலது கையை உயர்த்தி அவர் பெயரைச் சொல்லித்தான் உறுதிமொழி எடுத்தோம். நானும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற என் தாயாருக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் 'குவீன் எலிசபெத்' என்ற இடத்தில் அவர் குரல் என் குரலை விடச் சத்தமாய்க் கேட்டது. இலங்கையில் 1972 மே வரைக்கும் அவர்தான் நாட்டின் அரசி. பழைய இரண்டு சதக் காசில் அம்மா பார்த்துப் பழகிய பெயர் அது. நாடு விட்டு நாடு வந்த பிறகு, தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல் இருந்திருக்க வேண்டும்.

கனடாவுக்கு அவர் முதலில் வந்தது 1951இல், இளவரசியாக. தகப்பனார் நோயாளி. எந்த நேரமும் அவரது மரணச் செய்தி வரலாம் என்று, அரசியாகப் பதவியேற்பதற்கான பத்திரங்களைப் பயணப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரி 6இல் அந்தச் செய்தி வந்தது. அதன் பிறகு 22 தடவை அரசியாக இங்கே வந்திருக்கிறார். வேறெந்த நாட்டுக்கும் இத்தனை தடவை போனதில்லை. 1957இல் ஒட்டாவாவில் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தார். கனடாவில் ஆட்சியிலிருக்கும் முடியொன்று நேரில் வந்து அதைச் செய்தது அதுவே முதல் தடவை. லூயி சென் லோரன் தொடங்கி ஜஸ்டின் ட்ரூடோ வரை 12 பிரதமர்கள் அவர் காலத்தில் வந்தார்கள்.

இதெல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்கும். பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது ஒரேயொரு நாளை.

1982 ஏப்ரல் 17. அதுவும் ஒரு சனிக்கிழமை. அதுவரை கனடா தன் அரசியலமைப்பின் முக்கியமான பகுதிகளை மாற்ற விரும்பினால் லண்டன் பாராளுமன்றத்திடம்தான் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒட்டாவா பாராளுமன்றக் குன்றில், வெட்டவெளியில், பிரதமர் பியர் ட்ரூடோ பக்கத்திலிருக்க புதிய அரசியலமைப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் பிரகடனத்தில் மகாராணியார் கையெழுத்திட்டார். காற்றும் மழையும். துளிகள் தாளில் விழுந்து மை கலங்கியது. அந்தக் கறை இன்றும் மூலப் பத்திரத்தில் இருக்கிறது. லண்டனுக்கு இந்த நாட்டின் மேல் எஞ்சியிருந்த அதிகாரம் அந்தக் கையெழுத்தோடு முடிந்தது. அரசியே வந்து தன் கையால் அதைச் செய்து கொடுத்தார். கியூபெக் அரசு அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கவில்லை என்பதையும் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

அந்தச் சட்டத்தோடு வந்ததுதான் உரிமைகள் சாசனம். அதன் 27ஆம் பிரிவு, கனடியரின் பல்பண்பாட்டு மரபைப் பேணி வளர்க்கும் விதமாகவே சாசனத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்கிறது. நாலு வருடம் கழித்து, 1986 ஆவணியில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளை வயதில் இன்று எங்கள் வகுப்புகளில் பிள்ளைகள் உட்கார்ந்து 'அ' எழுதுகிறார்கள். மழையில் கலங்கிய அந்த மையை நான் அவர்களுக்குக் காட்டாமல் யார் காட்டுவது?

முடியின் பெயரால் இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு நடந்தவற்றை மறைக்க மாட்டோம். பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளுக்குப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றி, அவர்களை நினைவுகூரும் நாளான செப்டெம்பர் 30ஐ ஒட்டிய வகுப்பில், போன வருடம் போலவே, செம்மஞ்சள் சட்டை அணிந்து பேசுவோம். இரண்டையும் ஒரே பிள்ளை கேட்க வேண்டும்.

இந்தக் கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மகாராணியார் ஸ்கொட்லாந்தின் பல்மோரல் மாளிகையில் பிரித்தானியாவின் புதிய பிரதமரை வரவேற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊன்றுகோல், சிரித்த முகம், புறங்கையில் கன்றிப்போன நீலம். 96 வயது. மறுநாள் அவர் பெயரில் ஒரு செய்தி வெளியானது: சஸ்காச்சுவானில், ஜேம்ஸ் ஸ்மித் கிரீ மக்களின் ஊரிலும் பக்கத்து வெல்டனிலும் கத்திக்குத்தில் உறவுகளை இழந்தவர்களுக்கு அனுதாபம். வியாழக்கிழமை அவரே போய்விட்டார். தன் வாழ்நாள் நீண்டதோ குறுகியதோ, எல்லாம் உங்கள் சேவைக்கே என்று 21ஆம் பிறந்தநாளில் வானொலியில் சொன்னவர், கடைசியாக உலகுக்கு விட்ட செய்தி கனடாவுக்கு, இறந்தவர் வீட்டுக்குச் சொன்ன ஆறுதல். என்னால் அதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரி, 17ஆம் திகதி ஏற்பாடுகளுக்கு வருகிறேன். முதல் மணிக்கு மண்டபத்தில் ஒன்றுகூடி ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். விரும்பாத குடும்பத்துப் பிள்ளைகள் நூலக அறையில் இருக்கலாம். காரணம் கேட்க மாட்டோம். பிரகடனத்தின் பெரிய பிரதியைச் சுவரில் ஒட்டுகிறோம். வீட்டில் பழைய இலங்கைக் காசோ தாளோ இருந்தால் ஒரு உறையில் பெயர் எழுதி அனுப்புங்கள்; அன்றைக்கே திருப்பித் தருவோம்.

இன்னொன்று. 1954 ஏப்ரலில் அவர் இலங்கைக்கு வந்தபோது, இலங்கைக்காகத் தாமரைப் பூவும் கனடாவுக்காக மேப்பிள் இலையும் பின்னப்பட்ட தன் முடிசூட்டு உடையை அணிந்தே கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்தார். அந்த நாட்களை நேரில் கண்ட பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கதை சொல்ல அவர்கள் வந்தால் பெரிய சந்தோஷம். படியேற முடியாதவர்களுக்குப் பின்வாசலில் சாய்தளம் இருக்கிறது. வாகன வசதி இல்லாவிட்டால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்